எலியைக் காத்த சிறுபீளை நம்மையும் காக்குமா?

சிறுநீரகம் காப்போம் – 9

வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை எப்படிப் பதம் பார்க்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். மருந்து செய்யும் கேட்டை மூலிகையால் தடுக்க முடியுமா? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளை, வரப்போரம் படரும் மூக்கிரட்டை, காலில் குத்தும் நெருஞ்சில் ஆகியவற்றைச் சித்த மருத்துவர்கள் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் காலங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். ஆய்வகங்களில் இவற்றைச் சோதிக்க அதிகம் பயன்படும் மருந்துகளில் ஒன்று ஜென்டாமைசின்.

1960-களில் அறிமுகமான இந்த ஆன்டிபயாட்டிக், கடும் கிருமித்தொற்றில் உயிர் காப்பது, விலையும் குறைவு. ஆனால் சிறுநீரகத்துக்கு ஆகாது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியேறும். மீதியை நுண்குழல்கள் இரத்தத்துக்கே திருப்பிவிடும். அந்தக் குழல்களின் முதல் பகுதியில் உள்ள செல்கள், புரதத்தை உள்ளிழுக்கும் அதே வாசல் வழியாக ஜென்டாமைசினையும் இழுத்துக்கொள்கின்றன. செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் பைகளில் மருந்து சேர்ந்துகொண்டே போகும். பை கிழிந்தால் செல் மடியும். பெரும்பாலும் ஊசி தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகே பாதிப்பு தெரியவரும். சிறுநீர் வழக்கம்போலப் போவதால் நோயாளிக்குச் சந்தேகமே வராது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறியிருப்பதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஆய்வகத்தில் இதையே எலிகளிடம் செய்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு ஜென்டாமைசின் மட்டும். இன்னொரு கூட்டத்துக்கு அதனுடன் மூலிகைச் சாறு. ஒரு வாரம், பத்து நாள் கழித்து இரத்தத்தையும் சிறுநீரகத் திசுவையும் பார்க்கிறார்கள். மருந்து மட்டும் பெற்ற எலியின் குழல்களில் செல்கள் உதிர்ந்து கிடக்கும். சாறும் சேர்த்துப் பெற்ற எலிகளில் சேதமும் கிரியாட்டினினும் குறைவாக இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சிறுபீளை, மூக்கிரட்டை, நெருஞ்சில் மூன்றுக்குமே இத்தகைய முடிவுகள் உண்டு. செல்லை அரிக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை இவற்றிலுள்ள ஃபிளேவனாய்டுகள் அடக்குவதே காரணம் என்று கருதுகிறார்கள்.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இதை நம்பி வீட்டில் கஷாயம் வைத்துவிடக் கூடாது. எலிக்குச் சாறு கொடுத்தது பெரும்பாலும் ஊசிக்கு முன்போ ஊசியுடனோதான். கெட்டுப்போன சிறுநீரகத்தை அது சரிசெய்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆல்கஹாலில் பிரித்தெடுத்த சாறும் அடுப்பில் கொதித்த கஷாயமும் ஒன்றாகா. மேலும், மூக்கிரட்டையில் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிறது. பழுதான சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றத் திணறும். அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகத்துக்கு நல்லது என்று குடித்ததே உயிருக்கு உலை வைக்கலாம்.

மூலிகைப் பெயர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸ் சாட்சி. அங்கே உடல் மெலிய மருந்து சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 1993-ல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேர் அளவில். சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவையே.

நிரூபணமான காவல் எது? புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், சிறுநீரகத்தைக் கெடுப்பதால் கைவிடப்படும் நிலையில் இருந்தது. மருந்துக்கு முன்னும் பின்னும் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றியதுதான் அதைக் காப்பாற்றியது. 1978-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

ஆகவே, ஜென்டாமைசின் போன்ற ஊசி போட்டால் இடையிடையே கிரியாட்டினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நாட்களில் வலி மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். குடிக்கும் கஷாயம், சூரணம் எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நம் மூலிகைகளுக்கு மனிதர்களிடம் முறையான சோதனை நடக்கட்டும். அதுவரை அவற்றை மருந்தாக எடுப்பதென்றால், தகுதியுள்ள சித்த மருத்துவரின் கண்காணிப்பில், உங்கள் கிரியாட்டினின் அளவை அவர் அறிந்த பிறகே எடுக்க வேண்டும்.

அடுத்த வாரம்: ஸ்கேன் எடுக்கச் செலுத்தும் சாயம்.

(தொடரும்)