சக்கைக்குள் இருக்கும் சரக்கு

ஒயினுக்காக 100 கிலோ திராட்சையைப் பிழிந்தால் 20 முதல் 25 கிலோ வரை சக்கை மிஞ்சும். தோல், விதை, கொஞ்சம் காம்பு. இத்தாலியிலும் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் அறுவடை நடக்கும் சில வாரங்களுக்குள் இது மலையாகக் குவிந்துவிடும். அப்படியே வயலில் கொட்டலாம் என்றால் அதன் புளிப்பும் துவர்ப்பும் பயிர் முளைப்பதைத் தடுக்கும். மழையில் அடித்துக்கொண்டு ஓடைக்குப் போனாலோ, அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மீன்களுக்கு இல்லாமல் செய்துவிடும்.

இந்தக் கழிவை நம்பியே ஐரோப்பாவில் ஒரு தொழில் நடக்கிறது. அதன் மூத்த சரக்கு டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளிக்குப் புளிப்பைத் தருவதும் இதுதான். எலுமிச்சையில் சிட்ரிக், ஆப்பிளில் மாலிக் என்று பழங்களுக்கு வேறு அமிலங்கள் உண்டு. டார்டாரிக்கை இவ்வளவு சேர்த்துவைப்பவை புளியும் திராட்சையும் போல வெகு சிலவே. ஒயின் ஆறி நிற்கும்போது இந்த அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து பீப்பாயின் உட்சுவரில் கல்லாகப் படியும். திராட்சைச் சாற்றிலும் அப்படித்தான். பாட்டிலின் அடியில் மினுங்குவதைக் கண்ணாடித் தூள் என்று வாங்கியவர் பயந்துவிடக் கூடாதே! அதனால் ஆலைகளில் சாற்றை முன்னதாகவே குளிரவைத்து அந்தப் படிகங்களைப் பிரித்துவிடுகிறார்கள்.

சுவீடனைச் சேர்ந்த வேதியியலாளர் ஷீலே 1769இல் அந்தக் கல்லிலிருந்து அமிலத்தைத் தனியே எடுத்தார். 1848இல் லூயி பாஸ்டர் இதன் உப்பொன்றின் படிகங்களை உற்றுப் பார்த்தார். வலக்கையும் இடக்கையும் போல இரண்டு வகை இருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். மூலக்கூறுகளுக்கும் இடம், வலம் உண்டு என்ற வேதியியல் அங்கிருந்துதான் தொடங்கியது. இதே அமிலத்திலிருந்து வரும் ரோஷெல் உப்பு, அழுத்தினால் மின்சாரம் தரும். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய ஒலிக்கருவிகளில் அது இருந்தது. இன்று அமிலத்தின் வேலை இவ்வளவு விறுவிறுப்பானதல்ல. பேக்கிங் பவுடரில் சேர்கிறது, ஜிப்சம் பூச்சு உடனே இறுகிவிடாமல் தாமதப்படுத்துகிறது, புளிப்புக் குறைந்த ஒயினுக்குப் புளிப்பேற்றுகிறது.

எடுக்கும் முறை எளிது. சக்கையை வெந்நீரில் அலசுவார்கள். சிவப்பு ஒயினின் சக்கை சாற்றோடு சேர்ந்தே நொதித்தது என்பதால் அதில் ஆல்கஹாலும் இருக்கும். அலசிய நீரைக் காய்ச்சி வடித்து முதலில் ஆல்கஹாலை எடுத்துவிட்டு, மீந்த நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் டார்டாரேட் அடியில் படியும். அதில் கந்தக அமிலம் ஊற்றினால் டார்டாரிக் பிரிந்துவரும், ஜிப்சம் மிஞ்சும். அலசாமல் சக்கையையே காய்ச்சி வடிப்பதும் உண்டு. இத்தாலியர்களின் கிராப்பா என்ற மது அப்படி வருவதுதான்.

சிக்கல் இனிமேல்தான். தோலிலுள்ள நிறமியும் விலைபோகும், ஆனால் அது சூட்டைத் தாங்காது. வடிப்புக்கோ சூடு வேண்டும். எதை முதலில் எடுப்பது என்பதைப் பொறுத்தே வரவு இருக்கிறது. ஈரம் நிறைந்த சக்கை சில நாட்களிலேயே பூஞ்சை பிடிக்கும், உலர்த்தினால் எரிபொருள் செலவு, தூரம் கொண்டுபோனால் லாரியில் ஏறுவதில் பாதிக்கு மேல் தண்ணீர். சக்கையில் புதையல் இருக்கிறது என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆலை பக்கத்தில் இருந்தால்தான் அது புதையல்.

நிறமி வியாபாரம் ஒன்றும் புதிதல்ல. கருந்திராட்சைத் தோலிலிருந்து எடுக்கும் ‘எனோசியானினா’ இத்தாலியில் 1879 முதல் விற்கப்படுகிறது. புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும் என்பதால் புளிப்பான பானங்களுக்கு ஏற்றது. உணவுப் பொட்டலங்களில் ஈ163 என்று இருந்தால், அது இந்த வகை நிறமிதான்.

விதையின் கதை நிலக்கடலையில் தொடங்குகிறது. கடலைப் பருப்பின் மேலுள்ள சிவப்புத் தோலை 1940களில் ஆராய்ந்தார் பிரான்ஸின் போர்தோ நகரைச் சேர்ந்த ஆய்வாளர் ஜாக் மாஸ்கெலியே. அதில் கண்ட துவர்ப்புப் பொருட்களைப் பிறகு பைன் பட்டையிலும் திராட்சை விதையிலும் தேடிப் பிடித்தார். 1993இல் அதே போர்தோவில், ஷாட்டோ ஸ்மித் ஓ லாஃபித் தோட்டத்துக்கு வந்த பேராசிரியர் ஜோசஃப் வெர்கோத்ரன், வீணாகும் விதைகளின் மதிப்பை உரிமையாளரின் மகள் மத்தில்டுக்கு எடுத்துச் சொன்னார். இரண்டே ஆண்டில் கோடலி என்ற அழகுசாதன நிறுவனம் பிறந்தது. விதையில் 10 முதல் 20 சதவீதம் எண்ணெயும் உண்டு. திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெராட்ரால் என்ற பொருளின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஆயுளைக் கூட்டும் என்று விற்கும் மாத்திரைகளின் உறையில் திராட்சைப் படம் இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடியின் வேரிலிருந்து எடுத்தது.

2016இல் மிலானில் தொடங்கிய வெஜியா நிறுவனம், சக்கையிலிருந்து விலங்குத் தோலுக்கு மாற்றான ஒரு பொருளைச் செய்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலோ கறவை மாடுகளுக்கு உலர்ந்த சக்கையைத் தீனியோடு கொடுத்துப் பார்த்தார்கள். மாடுகள் வெளிவிடும் மீத்தேன் சுமார் 20 சதவீதம் குறைந்தது. செம்மறி ஆடுகளுக்குப் போடுவதானால் முதலில் பரிசோதிக்க வேண்டும். பூஞ்சை வராமலிருக்கத் தோட்டத்தில் அடிக்கும் மயில்துத்தக் கரைசலின் தாமிரம் திராட்சைத் தோலில் ஒட்டியிருக்கும். மாடு தாங்கும் அளவைச் செம்மறி தாங்காது.