பழசாகத் தெரிந்த கைலி

ஐம்பது வருடத்து ஜீன்ஸுக்கும் தாத்தா காலத்துக் கோட்டுக்கும் வெளிநாடுகளில் தனிக் கடைகள் உண்டு, தனி விலையும் உண்டு. உள்ளூரில் செய்த பழைய ஆண் உடையைத் தேடி உடுத்தும் அந்த ஆசை இப்போது நம் ஊர் இளைஞர்களையும் தொற்றியிருக்கிறது. அந்த ஆசையோடு ஒருவர் காயல்பட்டினத்துக்கு வந்தால், அவர் தேட வேண்டியது கைலியை. நெல்லைச் சீமையில் பலர் சாரம் என்று சொல்வதும் இதைத்தான். ஆனால் பழைய கைலி எளிதில் அகப்படாது. இடுப்பில் நைந்தது போர்வையாகும், பிறகு தொட்டிலாகும், அடுப்படியில் சட்டி இறக்கும் துணியாகும், கடைசியில் சைக்கிள் துடைத்தே மாண்டுபோகும். முழுக்க உழைத்துத் தீர்ந்த பொருளுக்குப் பழைய சரக்குக் கடை எப்படி இருக்கும்? ஆகவே இந்தப் பக்கத்தில் பழைய உடைமேல் ஆசைப்படுகிறவருக்கு ஒரே வழிதான் தெரிகிறது: அழகாகப் பழசாகக்கூடிய புதுத் துணியை வாங்கி, உடுத்தியே பழசாக்க வேண்டும்.

துணி பழசாவதை ஒரு குணமாகப் பார்ப்பது வெறும் கற்பனை அல்ல, அதற்கு வணிகச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்கு அருகில் இருக்கிறது காயல்பட்டினம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் துறைமுகம் இந்தக் கரையில்தான் இருந்தது. பிற்காலத்திலும் கொழும்போடும் கீழைக் கடல் நாடுகளோடும் கொண்டுகொடுத்து வாழ்ந்த ஊர் இது. அந்த நாடுகளின் ஆண்களும் இடுப்பில் கட்டியது இதே கட்டம் போட்ட பருத்தித் துணி. டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டிக்கொண்டு துணி ஏற்றுமதி செய்த பழவேற்காட்டின் பெயர்தான், உருமாறி, ‘பாலயகாட்’ என்று கைலியோடு ஒட்டிக்கொண்டது. இதே குடும்பத்துத் துணி ‘மெட்ராஸ்’ என்ற பெயரில் 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போனது. கேப்டன் கிருஷ்ணன் நாயர் ஏற்றுமதி செய்த அந்தத் துணியைச் சட்டையும் கோட்டுமாகத் தைத்து விற்றது புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம். தண்ணீர் பட்டதும் சாயம் ஓடியது, வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள் என்பது அந்த வணிகத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ‘சாயம் போகும், உறுதி’ என்பதையே விளம்பரமாக்கி விற்றார்கள். ஒவ்வொரு சலவைக்கும் நிறம் ஒன்றோடொன்று கலந்து மென்மையாவதை வாங்கியவர்கள் ரசிக்கத் தொடங்கினார்கள். நம் வீட்டில் குறை என்று ஒதுக்குவதை அங்கே காசு கொடுத்து வாங்கினார்கள்.

எல்லாத் துணியும் இப்படி அழகாக மங்காது. நூலுக்குச் சாயம் ஏற்றிப் பிறகு நெய்த கட்டத்தில் நிறம் இழை இழையாக இருக்கும். இரு பக்கமும் ஒரே அழுத்தம். மங்கினாலும் கட்டம் கட்டமாகவே மங்கும். மேலே அச்சிட்ட துணியில் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும், சில சலவைக்குள் முன்பக்கமும் அந்த வழியே போகும். ஆகவே கடையில் முதலில் செய்ய வேண்டியது கைலியைப் புரட்டிப் பார்ப்பது. அடுத்தது நூல். 60, 80, 100 என்று சொல்லும் நம்பர் ஏற ஏற இழை மெலியும். மெலிந்த இழை மேனிக்குச் சுகம். ஆனால் தினமும் கட்டி அடித்துத் துவைக்க 60-ம் 80-ம் போதும். புதுக் கைலி விறைப்பாக நிற்பது கஞ்சியின் உபயம், அதைத் தரம் என்று நம்பிவிடக் கூடாது. ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி மணிபோல் இறுகும். கைத்தறியா விசைத்தறியா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்வது தேர்ந்தவருக்கே கடினம். 2006-இல் வந்த கைத்தறி முத்திரையைக் கேட்பதும், 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குவதும் சுற்றிவளைக்காத வழி.

உடுத்துவதிலும் கைலிக்கு ஒரு வசதி உண்டு. சட்டைக்கும் கால்சட்டைக்கும் அது கிடையாது. இரு முனைகளையும் சேர்த்து மூட்டிவிட்டால் அதற்கு மேல் கீழ் இல்லை, முன் பின் இல்லை. ஒரே இடம் உட்கார்ந்து உட்கார்ந்து நைவதையும், ஒரே விளிம்பு தரையில் உரசிப் பிய்வதையும், தலைகீழாக மாற்றிக் கட்டியும் மூட்டிய இடத்தை நகர்த்தியும் பங்கிட்டுவிடலாம். உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் அது பொருந்தும். அப்பாவின் கைலி மகனுக்குச் சேர்வதற்குத் தையல்காரர் தயவு வேண்டியதில்லை. கிழிசல் சிறிதாக இருக்கும்போதே அதே நிற நூலால் இழையோட்டிவிட வேண்டும். ஒட்டுப் போடுவதானால் புதுத் துணி ஆகாது. பழந்துணியை அது இழுத்துக் கிழிக்கும்.

பராமரிப்பில்தான் காயல் போன்ற கடலோர ஊரின் சோதனை. உப்பேறிய கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, இழைக்குள் படிந்து, துணியைச் சாம்பல் பூக்கவைக்கும். சோப்பைக் கூட்டாமல் அலசுவதைக் கூட்ட வேண்டும். முதல் சில சலவை தனியாக, குளிர்ந்த நீரில். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. சாயம் ஏற்றும்போது சில சாயங்களுக்கு உப்பு துணை செய்யும். ஏற்றி முடிந்து கடைக்கு வந்த துணியில் அது ஒன்றும் செய்யாது. உலர்த்துவது நிழலில், உள்பக்கம் வெளியே தெரிய. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பெட்டிக்குள் வைப்பதானால் கஞ்சி போடக் கூடாது. பூஞ்சைக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அது விருந்து. இரும்பு டிரங்குப் பெட்டியின் துருக்கறை எளிதில் போகாது என்பதால் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்றுவது நல்லது. வேப்பிலையோ வசம்போ போதும். பாச்சை உருண்டை துணியில் நேராகப் படக் கூடாது.

இதற்கெல்லாம் எதிராக முதலில் எழுவது விலை. விசைத்தறிக் கைலி மலிவாகக் கிடைக்கும்போது கைத்தறிக்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. கைத்தறி என்பதாலேயே துணி உயர்ந்ததாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல நூலும் நல்ல சாயமும் கொண்ட விசைத்தறிக் கைலியும் அழகாகப் பழசாகும். ஆனால் மலிவுக்காக நூலிலும் சாயத்திலும் கைவைத்த கைலியை அடிக்கடி மாற்ற வேண்டிவரும், அந்தக் கணக்கையும் போட்டால் மலிவு அத்தனை மலிவாகத் தெரியாது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென ஒதுக்கிய பொருள்களில் லுங்கியும் ஒன்று. அந்த ஒதுக்கீடு ஏட்டில் இருக்க, தறிச் சத்தத்தில் விழித்த நெல்லை மேலப்பாளையம் பீடித் தட்டுக்கு மாறிப்போனது. சட்டம் காப்பாற்றாத தறியை, அறிந்து வாங்குகிறவர் ஓரளவாவது தாங்க முடியும்.

இன்னொருவர் உடுத்தியதை எப்படி உடுத்துவது என்ற கூச்சமும் உண்டு. அதில் பிழையொன்றும் இல்லை. தானே வாங்கித் தானே பழசாக்கும் வழியில் அந்தக் கேள்வியே எழாது. கடைசியாக மரியாதை. வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடாததால் 2014-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. அது வேட்டியைப் பெயர் சொல்லிக் காக்கிறது. கைலியையோ வீட்டு உடை என்றே ஊர் முடிவுகட்டிவிட்டது. ஆனால் காயல்பட்டினத்தில் வெள்ளைக் கைலியும் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகத் தொழுகைக்கும் நிக்காஹுக்கும் போகிறவரை யாரும் அரைகுறையாக உடுத்தியவர் என்று சொல்வதில்லை. துவைத்து, மடிப்புக் கலையாமல், கணுக்கால் வரை கட்டிய கைலிக்கு அங்கே கிடைக்கும் மரியாதை மதுரையிலும் சென்னையிலும் கிடைக்காததற்குத் துணி காரணமாக இருக்க முடியாது.