வீடற்ற குடும்பங்களுக்குத் தனி விடுதி எப்போது?

புது தில்லி: பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவு விடுதி அமைக்க 2010-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2011 கணக்கெடுப்பில் பெங்களூர் மாநகராட்சியின் மக்கள்தொகை 84 லட்சம். அதன்படி தேவை 84 விடுதிகள்.

எண்ணிக்கை மட்டும் போதாது. ஆண்கள் விடுதியில் மனைவிக்கும் மகளுக்கும் இடமில்லை. பிரிந்து உறங்க மனமில்லாத குடும்பத்துக்கு நடைபாதையே கதி. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகள் குடும்ப விடுதிக்கும் இடமளித்தன. பணியிடத்துக்கு அருகில் அது அமைய வேண்டும். ரேஷன் அட்டை, அங்கன்வாடி, பள்ளிச் சேர்க்கை பெறவும் உதவ வேண்டும் என்றன. பேருந்து நிலையமும் ரஸ்ஸல் மார்க்கெட்டும் உள்ள சிவாஜிநகரில் கூலிவேலை செய்வோரை நகரின் ஓரத்துக்கு அனுப்பினால் பிழைப்பு போய்விடும்.

நகர்ப்புற வறுமை ஒழிப்புக்குப் புதிய இயக்கம் தயாராகிறது என 2025 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. குடும்ப விடுதிகளுக்கெனத் தனி இலக்கும் நிதியும் இல்லையெனில், நீதிமன்ற உத்தரவு ஏட்டுச் சுரைக்காயே.