சுண்டெலி காட்டிய முன்னறிகுறி: பரிசோதனைத் திட்டத்தில் இடம்பெறாத பெருங்குடல்

புதுதில்லி: வாய், மார்பகம், கருப்பை வாய். மத்திய அரசு 2016-இல் வகுத்த புற்றுநோய்ப் பரிசோதனை நெறிமுறை, 30 வயதைக் கடந்தோரிடம் தேடச் சொன்னது இந்த மூன்றைத்தான். பெருங்குடலுக்கு அதில் இடமில்லை. பல ஆண்டுகள் முன்னதாகவே அடையாளம் காட்டக்கூடிய புற்றுநோய் அது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

அந்த அடையாளத்தை முதலில் காட்டியவை சுண்டெலிகள். கனடாவில் ரஞ்சனா பேர்ட் என்ற ஆய்வாளர், அசாக்சிமீத்தேன் என்ற நச்சு செலுத்தப்பட்ட சுண்டெலிகளின் குடலை மெத்திலீன் நீலத்தில் நனைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். வெறும் கண்ணுக்குக் குறையற்றதாகத் தெரிந்த உட்சுவரில், சில நுண்குழிகள் பருத்தும் தடித்தும் இருந்தன. 1987-இல் வெளியான இக்குறிப்புக்குப் பின், மனிதக் குடலிலும் அத்தகைய குழிகள் கண்டறியப்பட்டன. எனினும் அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை.

1990-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடலில் கட்டிகள் மண்டும் சுண்டெலி மரபு ஒன்றை அறிவித்தனர். பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கான கட்டிகள் தோன்றும் குடும்பங்களில் பழுதடைந்திருந்த ஏ.பி.சி. மரபணுவே அதிலும் பழுதடைந்திருந்தது. ஆனால் சுண்டெலிக்குக் கட்டிகள் பெரும்பாலும் சிறுகுடலில், மனிதருக்கோ பெருங்குடலில். எலி மனிதனல்ல என்பதை மறந்தால் விலை கொடுக்க நேரிடும். கொறிவிலங்குகளில் கட்டிகளைக் குறைத்த செலிகாக்சிப் மருந்துக்கு, அத்தகைய நோயாளிகளுக்காக 1999-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2004-இல் மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, இதய பாதிப்பு கூடியதால் நிறுத்தப்பட்டது. 2011-இல் அந்த அனுமதியும் விலக்கிக் கொள்ளப்பட்டது.

மருந்து கைகொடுக்காவிட்டாலும் கண்காணிப்பு கைகொடுத்தது. கட்டிகளை முன்கூட்டியே அகற்றினால் புற்றுநோய் வெகுவாகக் குறைகிறது என 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு உறுதி செய்தது.

இந்தியாவில் இந்நோயின் விகிதம் மேலை நாடுகளைவிடக் குறைவு. குடல் அகநோக்கிப் பரிசோதனைக்கு நிபுணர்கள் தேவை. இவ்வாதங்களைப் புறந்தள்ள முடியாது. ஆனால் மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனைக்கு நிபுணர் தேவையில்லை; ரத்தம் தென்பட்டோருக்கு மட்டும் அகநோக்கி போதும். பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள துறை. தில்லியின் நெறிமுறை திருத்தப்படும் வரை மாநிலங்கள் காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.