உப்புக்காற்றில் ஒரு வாசல் விளக்கு

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வாசல் விளக்கு அழகுக்கு மட்டும் போடுவதில்லை. விடியறதுக்கு முன்னாடி வலையோட கிளம்பணும், ராத்திரி கிழிஞ்ச வலையைப் பின்னணும், நண்டையும் இறாலையும் பிரிச்செடுக்கணும். இதெல்லாம் நடப்பது வாசலில்தான். அதற்குக் கடலோரத்தில் எங்கும் காணும் ஏற்பாடு ஒன்று உண்டு: வீட்டிலிருந்து ஒரு ஒயர், வேப்பமரத்தில் ஒரு பல்பு, நடுவில் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட்.

அந்த ஜாயின்ட்டைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ஐப்பசி மழையில் சமையலறை உப்பு ஜாடி நசநசன்னு ஆகிவிடும், பார்த்திருப்பீர்கள். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் வீட்டில், டேப்பின் இடுக்கிலும் ஹோல்டரின் உள்ளேயும் இதே உப்புதான் படிகிறது. மழையே இல்லாத நாளிலும் அங்கே ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும். கடல்நீர் குடிநீரைவிடச் சுமார் நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். மதுரையில் பல வருஷம் தாங்கும் ஜாயின்ட் இங்கே சீக்கிரமே கசிய ஆரம்பிப்பது இதனால்தான்.

"ஷாக் அடிச்சா ஃபியூஸ் போயிடுமே, அப்புறம் என்ன?" என்று பலரும் கேட்பார்கள். போகாது. கணக்கைப் பாருங்கள். நனைந்த உடம்பின் மின்தடை தோராயமாக 1,000 ஓம். 230 வோல்ட்டைத் தொட்டால் 0.23 ஆம்பியர் பாயும். ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பு இழுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு நீங்கள் இன்னொரு குண்டு பல்பு, அவ்வளவே! ஆனால் 0.01 ஆம்பியரிலேயே கை ஒயரை விட முடியாமல் இறுகிவிடலாம். 0.05 ஆம்பியர் ஓரிரு நொடி பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலையக்கூடும். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடும். உடம்பு வழியாகத் தரைக்குக் கொஞ்சம் கசிந்தால் கணக்கு இடிக்கும். 30 மில்லி ஆம்பியர் வகை என்றால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதற்காக எர்த் வேண்டாம் என்று அர்த்தமில்லை, இரண்டும் வேண்டும்.

இதைவிட நல்ல வழி, 230 வோல்ட்டை வாசலுக்கே கொண்டுபோகாமல் இருப்பது. டிரான்ஸ்ஃபார்மரை வீட்டுக்குள் வைத்து, வெளியே 12 வோல்ட் மட்டும் அனுப்பலாம். எல்லா எல்.இ.டி. டிரைவரும் இதற்கு ஆகாது. உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போவதையும் முழுசாகப் பிரிக்கும் எஸ்.இ.எல்.வி. வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

12 வோல்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 60 வாட் சுமையை 20 மீட்டர் தூரம் கொண்டுபோனால் வழியிலேயே சுமார் 2.4 வோல்ட் போய்விடும், விளக்கு மங்கும். 4 வாட் எல்.இ.டி. ஐந்து போட்டால் இழப்பு 0.8 வோல்ட்தான். வலை பின்ன அந்த வெளிச்சம் போதும்.

விளக்கில் ஐ.பி. 65 என்று இருந்தால் தூசி புகாது, தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும். வெள்ளம் தேங்கும் இடத்துக்கு ஐ.பி. 67 வேண்டும். அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். உடல் பகுதி நல்ல பிளாஸ்டிக்காக இருக்கட்டும், அல்லது 316 ரக எவர்சில்வர். சாதாரண இரும்பை உப்பு தின்றுவிடும். ஜாயின்ட்டை மண்ணில் புதைக்காதீர்கள். சுவரில், தண்ணீர் ஏறும் மட்டத்துக்கு மேலே, மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

இவ்வளவு வேலைக்கு இப்போது கையில் காசு இல்லையென்றால், மரத்து ஒயரைக் கழற்றிவிட்டு ஒரு சோலார் விளக்கு மாட்டுங்கள். அதில் 230 வோல்ட் என்ற பேச்சே இல்லை.

ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே இருக்கிறதா? அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். 'டக்'கென்று விழவில்லை என்றால் அன்றைக்கே உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.