தூண்டிலுக்கும் ஒரு தர்மம்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் மழை பெய்து ஓடைகள் பெருகும்போது, மீன்கள் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறுவதைக் குடியானவர்கள் அறிவர். அவை முட்டையிடப் போகின்றன. அச்சமயம் அவற்றைப் பிடிப்பது எளிது. ஆனால் வரும் வருஷத்து மீனையும் சேர்த்தே அழித்தவர்களாவோம். கோமுகி, மணிமுக்தா அணைக்கரைகளில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட வருகிறவர் எவராயினும் இதைச் சிந்திக்க வேண்டும்.

தூண்டில் போடுவது குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. வெடியும் விஷமும் செய்யும் நாசத்தை அது செய்வதில்லை. அவ்விரண்டையும் 1897-ம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டமே குற்றமாக்கியது. ஆயினும் ஒரு தூண்டில் செய்யாத சேதத்தை ஆயிரம் தூண்டில்கள் செய்துவிடும்.

நமது தேசத்தில் இவ்விளையாட்டுக்கு விதி பிறந்த கதை விசித்திரமானது. நீலகிரியில் 1879-லேயே வேட்டை விலங்குக்கும் மீனுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் அவலாஞ்சியில் டிரௌட் மீன்குஞ்சு பொரிக்கும் நிலையமும் ஏற்பட்டது. எல்லாம் துரைமார்களின் கேளிக்கையை உத்தேசித்தே. அந்நியர் தம் விளையாட்டுக்குக் காட்டிய அக்கறையைச் சுதந்திர இந்தியா தன் மீனுக்கும், அதை நம்பிய ஏழைக்கும் காட்ட வேண்டாமா?

அரசியல் சாஸனத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21-வது விஷயம். அந்த அதிகாரத்தைப் பறிக்கும்படி நாம் கோரவில்லை. ஆனால் மீனுக்கு மாநில எல்லை தெரியாது. காவிரியின் திமில் மகசீர் மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் இருப்பதாக 2018-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது. அதைக் கர்நாடகத்தில் காத்துத் தமிழகத்தில் கொன்றாலும், இங்கே காத்து அங்கே கொன்றாலும் பயன் ஒன்றுமில்லை. பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கென்றே ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் 2012-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றைத் தழுவி, எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொள்ளும் பொதுவிதிகள் வேண்டும்.

கேளிக்கைக்காகப் பிடிப்பவர் லைசென்ஸ் பெறட்டும். முட்டையிடும் காலத்தில் தூண்டில் ஓயட்டும். சிறுமீனை உயிரோடு நீரில் விடட்டும். நாளொன்றுக்குப் பிடிக்கும் அளவுக்கு வரம்பும், பிடித்ததற்குக் கணக்கும் இருக்கட்டும். லைசென்ஸ் பணம் கஜானாவில் கரையாமல் அந்தந்த நீர்நிலையின் காவலுக்கே செலவாகட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. கேளிக்கைக்காரருக்கு இட்ட கட்டு, வயிற்றுக்காகப் பிடிப்பவன் கழுத்தில் விழலாகாது. கல்வராயன் மலையாளிப் பழங்குடியினரையும் அணைக்கரை மீனவர்களையும் கலந்தாலோசித்த பின்னரே இங்கு விதி வகுக்க வேண்டும். புதுவெள்ளத்தில் மீன் ஏறும் நாளை அறிந்தவர்கள் அவர்களே. தேச ஊழியர்கள் இதைத் தங்கள் சட்டசபைப் பிரதிநிதிகளிடம் இப்போதே வற்புறுத்துவார்களாக.