பயிருக்கு நிவாரணம் உண்டு, நாற்று நட்டவருக்கு?

திங்கள்கிழமை காலையில் வேங்கிக்காலில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் பலரின் கையில் ஒரு பை இருக்கும். உள்ளே குடும்ப அட்டை நகல், ஆதார் நகல், மனு. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பது இங்கேதான். மக்கள் குறைதீர்வு நாளில் வருகிற மனுக்களில் வீட்டுமனைப் பட்டா கேட்டு வருபவை எப்போதும் உண்டு. மழைக்காலம் முடிந்தால் நிவாரணம் கேட்டு வருபவையும் சேர்ந்துகொள்ளும்.

நமது மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலோரத்தோடு நின்றுவிடவில்லை. கரையேறிய பிறகும் பல மணி நேரம் நகராமல் ஒரே இடத்தில் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. மறுநாள் அதே மேகம் உள்ளே நகர்ந்து ஊத்தங்கரையிலும் 50 செ.மீ. பெய்தது. ஊத்தங்கரைத் தண்ணீர் பாம்பாற்றின் வழியே தென்பெண்ணைக்கு வரும். தென்பெண்ணை சாத்தனூர் அணைக்கு வரும். டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. அகரம்பள்ளிப்பட்டு – தொண்டமானூர் இடையே 15.90 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்று மாதமே ஆன மேம்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அதற்கு முந்தைய நாள் மாலையில்தான் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் வீட்டை மூடி, 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர்.

புவியியல் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் பாடப்புத்தகத்தின் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்கலாம். புயலும் மழையும் இடர். அது மனிதர் மேல் வந்து விழும்போதுதான் பேரிடர். யார் மேல், எவ்வளவு விழுகிறது என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. வீடு எங்கே இருக்கிறது, அந்த இடம் யாருக்குப் போக மிச்சமாகக் கிடைத்தது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மேட்டில் ஊர், பள்ளத்தில் காலனி என்ற அமைப்பை நம் மாவட்டத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் குடியிருப்பவர் பட்டா கேட்டால், ‘ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு’ என்று பதில் வரும். நீர்நிலையைக் காப்பது சரிதான். மாற்று மனை எங்கே என்ற கேள்விக்குத்தான் பதில் தாமதமாகிறது.

இனி நிவாரணப் பட்டியலுக்கு வருவோம். 2024 டிசம்பர் 3 அன்று தமிழக அரசு அறிவித்தது இது: உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 10,000. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான நெல் உள்ளிட்ட இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிப் பயிருக்கு 8,500. மாடு இறந்தால் 37,500, ஆடு இறந்தால் 4,000, கோழிக்கு 100. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்ற அறிவிப்பில் இருந்த பெயர்கள் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி.

கோழிக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. அந்த வயலில் நாற்று நட்ட, களை பறித்த, அறுவடைக்குக் காத்திருந்த கூலித் தொழிலாளிக்கு ஒரு வரி இல்லை. மூழ்கிய பயிரின் இழப்பீடு நிலத்தின் பெயரில் உள்ளவருக்குப் போகிறது. அவருக்கும் அது போதாது என்பது உண்மை. ஆனால் அதே வயலில் பறிபோன கூலி நாட்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் பட்டியல் சாதியினர். அவர்களில் நிலமில்லாமல் வயல் கூலியை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். நூறு நாள் வேலையாவது கை கொடுத்ததா? புயலை ஒட்டிய அந்த மாதங்களில்தான் அதன் கூலியும் நின்றது. 2025 ஜனவரியில் முதல்வர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் 1,056 கோடி ரூபாய் ஊதிய நிலுவையைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

இது இன்று தொடங்கிய கதையும் அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் பலி கொண்டது. உலகமே பணம் அனுப்பியது. உலகமயத்தின் நல்ல முகம் என்று சொல்லத் தகுந்த நேரம் அது. ஆனால் வந்த உதவி படகு, வலை, கட்டுமரம் என்ற சொத்துக் கணக்கின் வழியே இறங்கியது. கடலோரத்தில் படகு இல்லாமல் வாழ்ந்தவர்கள் யார்? மீன் சுமந்தவர்கள், உப்பு ஏறிப்போன வயல்களில் கூலிக்குப் போனவர்கள், உப்பளத்தில் வேலை செய்தவர்கள். அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். எதை இழந்தாய் என்று கேட்டபோது காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு பொருள் இல்லை. முகாம்களிலும் தண்ணீர்த் தொட்டியிலும் அவர்கள் ஒதுக்கப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் உள்ளிட்ட அமைப்புகள் 2005-லேயே பதிவு செய்தன. அந்தக் கரையில் உடல்களை அகற்ற வெளியூர்களிலிருந்து அழைத்து வரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் எந்தச் சமூகத்தினர் என்பதை இந்தப் பகுதியின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவிலும் 2005-ல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தபோது, கார் இல்லாத ஏழைக் கறுப்பின மக்கள்தான் பெருமளவில் உள்ளே சிக்கினார்கள்.

கூலி இழப்புக்கு நிவாரணம் தருவது நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. கடலோரத்திலேயே வழி இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலமான 61 நாட்களுக்கு மீனவக் குடும்பத்துக்குத் தமிழக அரசு 8,000 ரூபாய் தருகிறது. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 2022 முதல் 5,000 ரூபாய் தரப்படுகிறது. இரண்டுமே பொருள் இழப்புக்கு அல்ல, வேலை இழப்புக்குத் தரப்படுபவை. வயல் தொழிலாளிக்கு மட்டும் ஏன் பொருந்தாது? யார் தொழிலாளி என்று கண்டுபிடிப்பதும் கடினம் அல்ல. நூறு நாள் வேலை அட்டைப் பட்டியல் ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்கிறது. அந்த அட்டையில் எந்த வாரம் வேலை நடந்தது, எந்த வாரம் நடக்கவில்லை என்பதும் பதிவாகிறது.

தனித்தனி மனுவாக வேங்கிக்காலுக்குக் கொண்டு வருவதைவிட இதைக் கிராம சபைத் தீர்மானமாகக் கொண்டு வருவது வலுவானது. தீர்மானத்தில் மூன்று விவரம் இருந்தால் போதும்: மழையால் வேலை நின்ற நாட்கள், பாதிக்கப்பட்ட அட்டைதாரர்களின் எண்ணிக்கை, தண்ணீர் புகுந்த தெருக்களின் பெயர். எழுதத் தெரியவில்லை என்று தயங்குகிறவர்களுக்குக் கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். உள்ளாட்சி நாள் கிராம சபை நவம்பர் 1-ல் கூடுகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வலுக்கத் தொடங்கும்.